சின்னக் காருக்கு ஒரு கயாக் டிரெய்லர்: இரண்டு முறை வாங்கிய கதை

பின்னணி

இது இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸில் குடியிருக்கும் ஒரு தமிழ்த் தம்பதிக்கு 2022-23இல் நடந்தது. எழுதிக்கொள்ளுங்கள், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள். நான் நடுவில்தான் இதற்குள் வந்தேன், அதுவும் ஒரு போன் அழைப்பில். அதற்கு முந்தைய பகுதியை அவர்கள் சொன்னதையும் எடுத்து வைத்திருந்த படங்களையும் வைத்து எழுதுகிறேன்.

ஊருக்குள்ளேயே இருக்கும் கால்டிகாட் ஏரியில் இரண்டு பேரும் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான படகு) ஓட்டப் பழகினார்கள். வசந்தத்தில் பழைய கடல் கயாக் இரண்டு நல்ல விலைக்குக் கிடைத்தது, வாங்கிவிட்டார்கள். இரண்டும் பிளாஸ்டிக். ஒன்று 5.0 மீட்டர், 26 கிலோ, இன்னொன்று 5.1 மீட்டர், 29 கிலோ. கடல் கயாக் நீளமாகத்தான் இருக்கும், அந்த நீளத்தால்தான் நேராகப் போகும். வீட்டில் இருந்ததோ இரண்டு சின்னக் கார்கள், பெரியதே நாலு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

முதலில் காரின் கூரையில் ஏற்றத்தான் நினைத்தார்கள். கையேட்டைப் பார்த்தால் கூரை தாங்கும் எடை 50 கிலோ என்று இருந்தது, அதிலேயே கூரைக் கம்பிகளின் எடையும் அடக்கம். கயாக் இரண்டும் 55, கம்பியும் தாங்கிகளும் 9, ஆக 64. எத்தனையோ பேர் இதை மீறித்தான் ஓட்டுகிறார்கள், அது வேறு விஷயம். போதாக்குறைக்கு மனைவி செவிலியர், நோயாளிகளைத் தூக்கித் தூக்கி வலது தோள் ஏற்கெனவே தகராறு, தலைக்கு மேல் 29 கிலோவைத் தூக்கிவைப்பது நடக்காத காரியம். காற்றடைக்கும் கயாக், போகிற இடத்தில் வாடகைக்கு எடுப்பது எல்லாம் பேச்சில் வந்து போனது. வாங்கிய பிறகு வாடகைக்கு எடுக்க யாருக்கு மனசு வரும். சரி, டிரெய்லர்.

இரண்டு கார், இரண்டு தகடு

இந்த இடத்தில் அவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். டிரெய்லர் தேடுவதற்கு முன்னால் கார்க் கதவு ஓரத்தில் இருக்கும் எடைத் தகட்டைப் பார்த்தார்கள். அதில் வரிசையாக நாலு எடைகள் இருக்கும்: கார் முழுச் சுமையோடு இருக்கக்கூடிய எடை, காரும் டிரெய்லரும் சேர்ந்து இருக்கக்கூடிய எடை, பிறகு முன் அச்சு, பின் அச்சு. இரண்டாவது எண் இல்லையென்றால் அந்தக் கார் எதையும் இழுக்கக் கூடாது. மனைவியின் காரில் அது இல்லை. எஞ்சின் இழுக்குமா இழுக்காதா என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை, தயாரித்தவர் அதை இழுவைக்கு அங்கீகரிக்கவில்லை, அவ்வளவுதான்.

கணவரின் கார் ஒரு லிட்டர் எஞ்சின், வெறும் எடை 1,065 கிலோ. அதன் தகட்டில் எண் இருந்தது. பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 450 கிலோ என்று கையேடு சொன்னது. பிரிட்டனில் பிரேக் இல்லாத டிரெய்லர் 750 கிலோவையும் தாண்டக் கூடாது, காரின் எடையில் பாதியையும் தாண்டக் கூடாது. இந்தக் காருக்குப் பாதி 532, கையேட்டு எண் அதைவிடக் குறைவு, ஆகவே 450தான் வரம்பு. கயாக்கும் டிரெய்லரும் சேர்த்து 200 கிலோவைத் தொடப்போவதில்லை. எடை பற்றிய கவலை அத்தோடு முடிந்தது என்று நினைத்தார்கள், வரம்பைப் பொறுத்தவரை முடிந்ததுதான்.

டிரெய்லர் இழுக்கத் தனித் தேர்வு எழுத வேண்டும் என்று அலுவலகத்தில் ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். 1997க்குப் பிறகு உரிமம் வாங்கியவர்களுக்குப் பெரிய டிரெய்லர்களுக்கு அப்படி ஒரு தேர்வு இருந்தது உண்மை, 2021 டிசம்பர் 16 முதல் அதுவும் இல்லை. 750 கிலோ வரையிலான டிரெய்லருக்கு அதற்கு முன்பும் தேவைப்பட்டதில்லை. அந்தப் பேச்சில் இரண்டு வாரம் வீணானதுதான் மிச்சம்.

டோபார் (டிரெய்லரை மாட்டக் காரின் பின்னால் பொருத்தும் இரும்புச் சட்டம்) மாட்டிய இடத்தில் ஒரு சின்னக் கோளாறு. காரின் பின்விளக்கு ஒயரிலேயே ஒட்டுப்போட்டு டிரெய்லர் விளக்குக்கு மின்சாரம் எடுத்துவிட்டார்கள். இப்போதைய கார்கள் ஒவ்வொரு பல்பையும் கண்காணிப்பவை, உடனே டேஷ்போர்டில் பல்பு எச்சரிக்கை வந்துவிட்டது. அந்தக் காருக்கென்றே வரும் ஒயர்த் தொகுப்பை வாங்கி மறுபடி மாட்டினார்கள். ஆரம்பத்திலேயே அதைக் கேட்டிருக்கலாம்.

முதல் டிரெய்லர்

ஜூன் மாதம் பழைய கேம்பிங் பெட்டி டிரெய்லர் ஒன்று 180 பவுண்டுக்குக் கிடைத்தது. துருப்பிடிக்காத பெட்டி, நல்ல டயர், 500 கிலோ வரை தாங்கும் என்ற தகடு. தேவைக்கு மேலேயே தாங்குகிறதே என்று சந்தோஷமாக வாங்கினார்கள். பெட்டியின் முன்னும் பின்னும் மரச்சட்டம் நிறுத்தி, குறுக்குச் சட்டத்தில் நுரைக்குழாய் சுற்றி, கயாக் இரண்டையும் அருகருகே வைத்துக் கட்டும்படி கணவரே ஒரு சனிக்கிழமையில் செய்து முடித்தார். படத்தில் பார்த்தேன், தச்சு வேலை நன்றாகவே இருந்தது.

டோபாலில், அதாவது டோபாரின் முனையில் இருக்கும் இரும்பு உருண்டையில், மாட்டும் கொக்கியிலிருந்து சக்கர அச்சு வரை இந்த டிரெய்லரின் நீளம் 1.75 மீட்டர். கயாக்கின் பாதி நீளம் 2.55 மீட்டர். கயாக்கின் நடுவை அச்சின்மேல் வைத்தால் மூக்கு கொக்கியைத் தாண்டி 80 சென்டிமீட்டர் முன்னால் வரும், அங்கே இருப்பது காரின் பின் கண்ணாடி. ஆகவே கயாக்கைப் பின்னால் தள்ளிக் கட்டினார்கள், மூக்கு கொக்கிக்கு 30 செ.மீ. பின்னால் நிற்கும்படி. அப்படித் தள்ளியதில் கயாக்கின் நடு அச்சுக்குப் பின்னால் ஒரு மீட்டருக்கு மேல் போய்விட்டது. அதை அன்றைக்கு யாரும் அளக்கவில்லை. கண்ணுக்கு வண்டி சரியாகத்தான் தெரிந்தது.

என்ன நடந்தது

முதல் அடி வீட்டு வாசலிலேயே. ரிவர்ஸ் எடுத்தபோது டிரெய்லர் சட்டென்று மடங்கி, இடப்பக்கக் கயாக்கின் மூக்கு காரின் பின்விளக்கில் இடித்து உடைத்தது. ஏர்க்கால் (கொக்கியிலிருந்து பெட்டிவரை போகும் கம்பி) குட்டையான டிரெய்லர் ரிவர்ஸில் நினைப்பதற்குள் திரும்பிவிடும், காலியாக இருந்தால் கண்ணாடியில் தெரியவே தெரியாது. விளக்கை மாற்றினார்கள், பழகினால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார்கள்.

ஜூலையில் வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துக்கு (லேக் டிஸ்ட்ரிக்ட்) கிளம்பினார்கள், இருநூறு மைலுக்கு மேல். கிளம்பும் காலையில் நடந்த ஒன்றை மனைவி பிற்பாடு சொன்னார்: "கொக்கியை அவர் கையால அமுக்கிப் பிடிச்சாதான் டோபாலில் உட்கார்ந்தது அண்ணா, மேலே மேலே எழும்பிட்டே இருந்தது. ஸ்ப்ரிங் புதுசு போலன்னு நினைச்சோம்."

மில்டன் கீன்ஸ் ரவுண்டானாக்களுக்குப் பேர் போன ஊர். அத்தனை ரவுண்டானாவிலும் தொந்தரவு இல்லை, வேகம் குறைவு. எம்1 நெடுஞ்சாலையில் ஏறி 50 மைல் வேகத்தைத் தொட்டதும் டிரெய்லர் குதிக்க ஆரம்பித்தது. 500 கிலோவுக்குச் செய்த சஸ்பென்ஷன், மேலே இருப்பதோ எல்லாம் சேர்த்து 165 கிலோ, அது அமுங்கவே இல்லை, ஒவ்வொரு இணைப்புப் பள்ளத்துக்கும் சக்கரம் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளியது. நார்த்தாம்ப்டனைத் தாண்டியதும் ஒரு லாரி பக்கத்தில் முந்திக்கொண்டு போக, அந்தக் காற்றில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. இடம், வலம், இடம், ஒவ்வொரு ஆட்டமும் முன்னதைவிடப் பெரிது. காரின் பின்பக்கத்தை யாரோ பிடித்து உலுக்குகிற மாதிரி இருந்ததாம். கணவர் பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரை மட்டும் விட்டுவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டார். அது அறிவு அல்ல, பயத்தில் கால் மரத்துப்போனதுதான் என்று அவரே சொல்கிறார். எப்படியோ அதுதான் சரியான செயல், திருப்பிச் சமாளிக்கப் பார்த்தாலோ அழுத்திப் பிரேக் போட்டாலோ நிலைமை மோசமாகியிருக்கும். வேகம் 40க்கு இறங்கியதும் ஆட்டம் நின்றது. அடுத்து வந்த வாட்ஃபர்ட் கேப் ஓய்விடத்தில் ஒதுங்கி எனக்குப் போன் செய்தார்கள்.

போனில் எடுத்த முடிவு

நான் கேட்ட முதல் கேள்வி, கொக்கியைக் கழற்றினால் கீழே விழுகிறதா, மேலே எழுகிறதா என்பது. கழற்றிப் பார்த்தார். மேலே போனது.

கணவர் தஞ்சைப் பக்கம், தாத்தா வீட்டில் பார வண்டி இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆகவே ஒரே வார்த்தைதான் சொன்னேன், பின்பாரம். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. வண்டியில் பின்பாரம் விழுந்தால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும், மூட்டையை முன்னால் தள்ளிப் போட்டு முன்பாரம் ஆக்கித்தான் ஓட்டுவார்கள். சின்ன வயதில் கண்ணால் பார்த்ததுதான். காரில் டோபாலைத் தூக்குகிறது, காரின் பின்சக்கரம் லேசாகிறது, டிரெய்லருக்கு ஆட்டம் எடுக்கிறது. மாடாக இருந்தால் நின்றிருக்கும்.

பயணத்தைத் தொடர வேண்டாம் என்பது எனது யோசனை. அவர்களுக்கும் மேலே போகும் தெம்பு இல்லை. ஆனால் வீட்டுக்குத் திரும்ப வேண்டுமே. கயாக்கை முன்னால் நகர்த்த இடமில்லை. அதனால் கார் டிக்கியில் இருந்த கூடாரமும் சமையல் சாமானும் பெட்டியின் முன்பகுதிக்குப் போயின, 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை நிரப்பி ஏர்க்கால்மேலேயே, கொக்கிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைத்துக் கட்டினார்கள். கொக்கி கீழே இறங்கியது. மெதுவாகப் போய் 18ஆம் சந்திப்பில் இறங்கி ஏ5 சாலையைப் பிடித்து, 40 மைலைத் தாண்டாமல் வீடு வந்து சேர்ந்தார்கள்.

அளந்து பார்த்தபோது

அடுத்த ஞாயிறு நானும் போயிருந்தேன். கொக்கியில் விழும் எடையை அளக்கத் தனிக் கருவி விற்கிறார்கள், குளியலறை எடை மெஷின்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதன்மேல் கொக்கியை உட்கார வைத்தாலும் போதும். இங்கே அதற்கும் வழியில்லை, கொக்கி உட்கார்ந்தால்தானே! கடைசியில் சமையலறையிலிருந்து பத்துக் கிலோ அரிசி மூட்டையைக் கொண்டுவந்து கொக்கியில் தொங்கவிட்டோம், எழும்பித்தான் நின்றது. இரண்டாவது மூட்டையும் தொங்கவிட்ட பிறகும் மட்டத்துக்கு வரத் தயங்கியது. அதாவது டோபாலை 20 கிலோவுக்கு மேல் மேல்நோக்கித் தூக்கிக்கொண்டு அவர்கள் நெடுஞ்சாலையில் போயிருக்கிறார்கள். இருக்க வேண்டியது டிரெய்லர் மொத்த எடையில் ஏறக்குறைய 5 முதல் 7 சதவீதம், கீழ்நோக்கி. இத்தனை லேசான டிரெய்லரில் அதைவிடக் கொஞ்சம் கூடினாலும் பாதகமில்லை, காரின் வரம்புக்குள் இருந்தால் சரி.

மற்றவையும் கண்ணில் பட்டன. எட்டு அங்குலச் சக்கரம், டயரோடு விட்டம் சுமார் 40 செ.மீ. கார்ச் சக்கரம் இரண்டு சுற்று சுற்றும்போது இது மூன்று சுற்று சுற்ற வேண்டும், 200 மைல் பயணத்தில் பேரிங் அத்தனை உழைக்கும். ராட்செட் பெல்ட்டை நெம்பி நெம்பி இறுக்கியதில் ஒரு கயாக்கின் அடியில் வெயில் பட்டுக் குழி விழுந்திருந்தது. விளக்குப் பலகை பெட்டியின் பின்னால் இருந்தது, கயாக் அதையும் தாண்டி இரண்டு மீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு மீட்டரைத் தாண்டினாலே பளிச்சென்று தெரியும்படி துணியாவது கட்ட வேண்டும், இரண்டைத் தாண்டினால் அடையாளப் பலகையே வேண்டும். இவர்கள் ஒன்றும் கட்டவில்லை.

மாற்று வழிகளும் தேர்வும்

மூன்று வழிகள் பேசினோம். மரச்சட்டத்தை உயர்த்தி, கயாக்கின் மூக்கைக் கார்க் கூரைக்கு மேலே நீட்டிவிடுவது முதலாவது. டிக்கி திறக்காது, பாரம் உயர்ந்தால் குட்டை டிரெய்லர் கவிழப் பார்க்கும், மனைவியின் தோளுக்கும் அது பழைய கதைதான். தள்ளிவிட்டோம்.

இரண்டாவது, இதே டிரெய்லரின் ஏர்க்காலை வெட்டி நீட்டுவது. எனக்கு ஆசை இருந்தது, கணவருக்கு வெல்டிங் தெரிந்த நண்பரும் இருந்தார். ஆனால் ஏர்க்கால் இரண்டு மடங்கானால் அதில் விழும் வளைவு விசையும் கூடும், பழைய குழாயின் தடிமன் போதுமா என்று எங்களில் யாராலும் சொல்ல முடியவில்லை, ஏர்க்கால் எவ்வளவு நீண்டாலும் குதிக்கிற சஸ்பென்ஷன் குதித்துக்கொண்டேதான் இருக்கும்.

மூன்றாவது, நீள ஏர்க்காலோடு லேசான டிரெய்லர். இதற்கு விளம்பரங்களைப் பார்க்கும்முன் தேவையை எழுதிக்கொண்டோம், இந்த முறை எடையைவிட்டு நீளத்திலிருந்து ஆரம்பித்து. டிரெய்லர் 60 டிகிரி மடங்கினாலும் மூக்கு பம்பரைத் தொடக் கூடாது. கயாக்குகள் நடுக்கோட்டிலிருந்து ஆளுக்கு 35 செ.மீ. தள்ளி இருப்பதால், மூக்கு கொக்கிக்கு 70 செ.மீ. பின்னால் நின்றால்தான் அது நடக்கும். வாசல் கல்லில் சாக்பீஸால் வரைந்தே பார்த்தோம். அதோடு பாதி நீளம் 2.55ஐக் கூட்டினால் கயாக்கின் நடு 3.25 மீட்டரில். அச்சு அதற்குக் கொஞ்சம் பின்னால், 3.4 மீட்டரில். இதைத்தான் தேடினோம். தாங்கும் எடை 250 கிலோ போதும், குறைவாக இருந்தால் நல்லதே. சக்கரம் பத்து அங்குலம். அச்சு போல்ட்டில் நகரக்கூடியதாக இருக்க வேண்டும். ஏர்க்கால் கழன்று வர வேண்டும், ஏனென்றால் வீட்டுப் பக்கம் இருக்கும் சந்து தவிர இதை வைக்க இடமில்லை.

ஆறு வாரம் ஆயிற்று. ஆகஸ்ட் கடைசியில் ஒரு படகுக்காரர் விற்ற பழைய டிரெய்லர் 420 பவுண்டுக்குக் கிடைத்தது, வெறும் எடை 90 கிலோ, இரண்டு டி வடிவக் கம்பிகள், இரண்டு போல்ட்டில் கழலும் ஏர்க்கால். அச்சைக் கொஞ்சம் நகர்த்தி, கயாக்கை ஏற்றி, எடை மெஷினில் வைத்தபோது 11 கிலோவும் சொச்சமும் காட்டியது. கணவர் அந்த எண்ணைப் படம் எடுத்து வைத்திருக்கிறார். பெட்டி டிரெய்லரை 150க்கு விற்றார்கள், வாங்கியவரிடம் இது கூடாரத்துக்கு, நீளமான எதையும் ஏற்றாதீர்கள் என்று சொல்லியே.

அதன் பிறகு

செப்டம்பரில் மறுபடி ஏரி மாவட்டம், இந்த முறை நானும் பின்னால் என் காரில். எம்6இல் லாரிகள் தாண்டும்போது டிரெய்லர் லேசாக அசைந்து தானாக நேரானது. டிரெய்லர் இழுக்கும் காருக்கு நெடுஞ்சாலையில் 60 மைல்தான் வரம்பு, நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் 50, நெடுஞ்சாலையில் மூன்று தடம் இருக்கும் இடத்தில் வலது ஓரத் தடத்துக்குப் போகவும் கூடாது. அவர் 55ஐத் தாண்டவில்லை. ஒரு லிட்டர் எஞ்சினுக்கு மேடுகளில் மூச்சு வாங்கியது, கியர் குறைத்துக் குறைத்து ஏறியது, அதற்கு மேல் புகார் இல்லை. ராட்செட்டுக்குப் பதில் கையால் இழுத்து இறுக்கும் பக்கிள் பெல்ட், அதிலும் ஒரு முறுக்கு விட்டுக் கட்டியதால் காற்றில் விர்ரென்று கத்தவில்லை. விளக்குப் பலகை இப்போது கயாக்கின் வாலிலேயே கட்டியிருந்தது, காரின் நம்பர் பிளேட்டும் அதில். ஏ590 வழியாகப் போய் கோனிஸ்டன் ஏரியின் மேற்குக் கரையில் பிரவுன் ஹவ் வாகன நிறுத்தத்தில் இறக்கினோம். கயாக் இடுப்பு உயரத்தில் இருந்ததால் மனைவி ஒரு முனையைத் தானே பிடித்து இறக்கினார்.

காரும் டிரெய்லரும் சேர்ந்து ஏறக்குறைய 10 மீட்டர். அது தொந்தரவுதான். சின்ன வாகன நிறுத்தங்களில் இடம் கிடைக்காமல் இரண்டு தடவை திரும்பி வந்திருக்கிறார்கள். ஆனால் ரிவர்ஸ் சுலபமாகிவிட்டது, நீள டிரெய்லர் மெதுவாகத்தான் திரும்பும், திருத்திக்கொள்ள நேரம் தரும்.

2023 கோடையில் புதுத் தவறு. பூல் துறைமுகத்தில் சரிவுப் பாதையில் டிரெய்லரை அப்படியே உப்புத் தண்ணீருக்குள் இறக்கினார்கள், சக்கர மையம் முழுகும் அளவுக்கு. நெடுந்தூரம் ஓடிச் சூடாக இருந்த மையம் குளிர்ந்த தண்ணீரில் பட்டால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு மாதம் கழித்து இடது சக்கரத்தைக் கையால் சுற்றினால் மணல் அரைபடும் சத்தம். இரண்டு பக்கமும் பேரிங் மாற்றினார்கள். கயாக் கைக்கு அடங்கும் எடை, டிரெய்லரைத் தண்ணீரில் விட அவசியமே கிடையாது.

மறுபடி செய்தால்

கயாக் வாங்கும் முன்பே தகட்டையும் கையேட்டையும் பார்த்திருப்போம், ஒருவேளை நாலரை மீட்டர்க் கயாக்கே எடுத்திருப்போம் என்கிறார் கணவர். மனைவிக்கு அதில் உடன்பாடில்லை, ஐந்து மீட்டர்க் கயாக் ஓடுகிற ஓட்டத்துக்கு இந்தத் தொல்லை தகும் என்கிறார்.

டோபார் மாட்டும் இடத்தில் அந்தக் காருக்குரிய ஒயர்த் தொகுப்பு என்று முதலிலேயே எழுதி வாங்குவார்கள். பழைய டிரெய்லரைப் பார்க்கப் போகும்போது டேப்பைக் கையில் எடுத்துப்போய்க் கொக்கி முதல் அச்சு வரை அளப்பார்கள், தாங்கும் எடையைக் கடைசியில் கேட்பார்கள்.

நான் மாற்றுவது ஒன்று. அந்த ஜூன் மாதமே அவர் தச்சு வேலையின் படங்களை எனக்கு அனுப்பியிருந்தார், சட்டம் அருமை என்று பதில் போட்டேன். அதே படத்தில் கயாக்கின் வால் எங்கே போய் நிற்கிறது என்று இப்போது பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது.